பச்சிளம் உயிர்களுக்காகக் கடல் கடந்து வந்தவர்: மருத்துவர் அருட்சகோதரி மேரி குளோரி



விழா மலர் என்றால் அதில் ஆலயம் எழும்பிய வரலாறும், பணியாற்றிச் சென்ற குருக்களின் நினைவும், பக்த சபைகளின் அறிக்கையும் இடம் பெறுவது வழக்கம். அவற்றுக்கிடையே, ஆந்திர நாட்டுக் குண்டூரில் வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலியக் கன்னியாஸ்திரியின் வரலாற்றை நாம் எழுதப் புகுந்தது ஏன் என்று கீழப்பழுவூர்ப் பங்கு மக்கள் கேட்கக்கூடும். பழைய பங்குகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதற்கு விடை அறிவார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர், நான்கு நாள், பத்து நாள் கழித்து அடக்கப் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கும். சில பிள்ளைகளுக்குக் குருவானவர் வந்து சேரும்வரை உயிர் தங்காது என்று அஞ்சி, மருத்துவச்சியோ வேதியரோ அவசர ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். நம் அப்பாயிமார், அம்மாயிமாரிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால் ஒரு தொகையும், எத்தனை தங்கின என்று கேட்டால் வேறொரு தொகையும் சொல்வார்கள். அந்த இரண்டு தொகைகளுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காகத் தம் வாழ்வைக் கொடுத்தவர்தாம் நாம் எழுதப்போகும் டாக்டர் மேரி குளோரி.

அவர் 1887-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிரெகரா என்னும் சிற்றூரில், அயர்லாந்து வழிவந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைகள் ஒன்பது பேரில் இவர் மூன்றாமவர். பின்னர் அக்குடும்பம் வாச்செம் என்னும் ஊரில் குடியேறியது. மழை அருகிப் பெய்யும் கோதுமைக் காட்டு நாடு அது. நம் பக்கத்து மானாவாரி நிலத்தில் உழைப்பவர்களுக்கு அதைப்பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மாலையில் குடும்ப செபமாலை தவறாத வீடு. நல்ல குருக்களும் நல்ல மருத்துவர்களும் கிடைக்க வேண்டும் என்று நாள்தோறும் வேண்டிக்கொள்ள அத்தாய் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தார். நல்ல குருக்களுக்காக வேண்டும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. மருத்துவருக்காகவும் சேர்த்து வேண்டும் குடும்பத்தை நாம் அதிகம் கண்டதில்லை.

படிப்பில் கெட்டிக்காரியான மேரி உதவித்தொகை பெற்று மெல்போர்ன் நகருக்குச் சென்றார். பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் படிப்பில் சேர்ந்தவர், தந்தையார் ஊக்கம் கொடுக்கவே மருத்துவத்துக்கு மாறினார். பெண்கள் டாக்டராவது அருமையாயிருந்த காலம். 1910-இல் பட்டம் பெற்றபின், கடல் கடந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராகப் பணிசெய்தார். பிறகு மெல்போர்னுக்குத் திரும்பிக் கண், காது நோய்களுக்கான ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததோடு, நகரின் பேர்பெற்ற டாக்டர்கள் வீற்றிருந்த காலின்ஸ் தெருவில் தமக்கெனத் தனி மருத்துவ அறையும் வைத்திருந்தார். வருமானமும் மதிப்பும் வளர்ந்துவந்தன. 1916-இல் அந்நகரில் கத்தோலிக்கப் பெண்கள் சமூகச் சங்கம் தொடங்கியபோது அவரே அதன் முதல் தலைவியானார்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டே அவர் உள்ளம் வேறிடம் போய்விட்டது. 1915-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் பூசை கண்டு திரும்பியபோது, ஒரு சிறு பிரசுரம் அவர் கையில் கிடைத்தது. இந்தியாவில் குழந்தைகள் கொத்துக்கொத்தாக மடிவதையும், அதைத் தடுக்கப் பாடுபட்ட ஆக்னஸ் மெக்லாரன் என்ற பெண் மருத்துவரையும் பற்றி அது கூறியது. அதைப் படித்து முடித்தபோது தம் வாழ்வின் வேலை எதுவென்று மேரிக்குத் தெளிவாகிவிட்டது. முழந்தாளிட்டுத் தம்மை இறைவனிடம் ஒப்படைத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது.

இந்த மெக்லாரன் அம்மையாரைப் பற்றியும் இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் 1837-இல் பிறந்தவர். தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு அடைத்திருந்ததால் பிரான்சு நாட்டு மொம்பெலியேவுக்குப் போய் 1878-இல் பட்டம் பெற்றவர். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். எழுபது வயதுக்குமேல் இந்தியாவுக்கு வந்து, அப்போது நம் நாட்டோடு இருந்த இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் ஆஸ்பத்திரி எழக் காரணமாயிருந்தார். அங்கே கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவர் முன் வரமாட்டார்கள். நோய் முற்றிச் சாகும் தறுவாயிலும் கைநாடி பார்க்க ஆண் மருத்துவரிடம் கை நீட்டமாட்டார்கள். வேலை செய்யக் கன்னியர்கள் இருந்தார்கள். ஆனால் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் மருத்துவம் செய்வதையும், சிறப்பாகப் பிரசவம் பார்ப்பதையும் அன்றைய திருச்சபை ஒழுங்கு அனுமதிக்கவில்லை. மெக்லாரன் அம்மையார் உரோமைக்கு நடையாய் நடந்து விண்ணப்பித்தார். பலன் காணாமலே 1913-இல் இறந்தார்.

இங்கே ஒரு வார்த்தை. அக்காலத்தவர் கற்பு வார்த்தைப்பாட்டைக் காக்கும் நோக்கத்தோடுதான் இவ்வாறு விதித்தார்கள். அதை இன்று குறை கூறுவது எளிது. ஆயினும் அந்தக் கவனத்துக்கு விலை கொடுத்தவர்கள் தாய்மாரும் சேய்களுமே என்பதை மறைத்து எழுதுவதும் சரியன்று. ஆண் டாக்டரைத் தாய் ஏற்கமாட்டாள். பெண் டாக்டர் இல்லை. பக்கத்துக் கன்னியர் மடத்தாருக்கு அனுமதி இல்லை. பிள்ளை பிறக்கும் அறையின் வாசலில் அறிந்தவர் எவரும் நிற்க முடியாத நிலை இப்படித்தான் உண்டானது.

மேரி உடனே புறப்பட்டுவிடவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மெல்போர்னிலிருந்த ஆண் டாக்டர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டதால் ஆஸ்பத்திரிகளில் கைகள் குறைந்திருந்தன. தம் தீர்மானத்தை மிகச் சிலரிடம் மட்டும் சொல்லிவிட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தார். அந்த ஆண்டுகளையும் அவர் வீணாக்கவில்லை. மகப்பேறு, பெண் நோய், கண் நோய் ஆகிய பிரிவுகளில் மேற்படிப்புப் படித்து, 1919-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார்.

பிரசவத்தையும் கண்ணையும் ஒருவர் சேர்த்துப் படிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். பச்சைப் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. தாயிடம் மேகவெட்டை நோய் இருந்தால், பிறக்கும்போதே அதன் கிருமி பிள்ளையின் கண்ணில் ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் இமை வீங்கிச் சீழ் கொட்டும். கவனிக்காவிட்டால் கருவிழி புண்பட்டுப் பிள்ளை ஆயுள் முழுதும் குருடாகும். ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவர் கிரெடே என்பவர், பிறந்தவுடன் ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டு இதைத் தடுக்கலாம் என்று 1880-களில் கண்டுபிடித்திருந்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வந்துகொண்டிருந்த இந்நோய் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழாகக் குறைந்தது. ஒரே ஒரு சொட்டு! அதை விடுவதற்கு அறிந்த கை ஒன்று வேண்டும், அவ்வளவே.

1920-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் மேரி கப்பலேறினார். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தாய்நாட்டையும் அவர் பிறகு பார்க்கவே இல்லை. பிப்ரவரி 12-ஆம் நாள் குண்டூர் வந்து சேர்ந்தார். அந்நாளில் குண்டூரும் நம் அரியலூரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தவை. குண்டூர்க் கிறிஸ்தவர்கள் சென்னை மேற்றிராணியாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தார்கள். ஹாலந்து நாட்டிலிருந்து வந்த இயேசு மரி சூசை சபைக் கன்னியர்கள் அங்கே முன்னரே மடம் அமைத்துப் பள்ளிகளையும் ஒரு சிறு மருந்தகத்தையும் நடத்திவந்தார்கள். மேரி அச்சபையில் சேர்ந்து, திரு இருதய மரியா என்னும் துறவறப் பெயரை ஏற்றார். கன்னியாகவும் மருத்துவராகவும் ஒருங்கே இருக்கப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்குத் தனி அனுமதி தந்தார். மெக்லாரன் அம்மையார் கேட்டு மாண்ட வரம் இவருக்குத்தான் முதலில் கிடைத்தது. பொதுச் சட்டம் மாறுவதற்கு அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல் போன்றவர்களின் விடாமுயற்சியும் சேர்ந்து, 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று, கன்னியர்கள் பிரசவ மருத்துவமும் செய்யலாம் என்று உரோமை ஆணை பிறப்பித்தது.

நவகன்னியர் காலத்துப் பயிற்சியை முடித்துக்கொண்டு மேரி மருந்தகத்தில் உட்கார்ந்தார். தெலுங்கு கற்றார். நமக்கு அருகே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவர் தமிழைக் கற்றது காவியம் பாட; இவர் தெலுங்கு கற்றது பிள்ளை எப்போதிருந்து பால் குடிக்கவில்லை என்று தாயிடம் கேட்க. பச்சைப் பிள்ளைக்குத் தன் நோயைச் சொல்ல வாயில்லை. தாயின் வாயால்தான் டாக்டர் அறியவேண்டும். தாயின் பேச்சுப் புரியாத மருத்துவருக்குப் பாதி நோய் மறைந்துபோகும்.

அக்காலத்து நிலையை இன்றைய இளந்தலைமுறைக்குச் சற்று விளக்கவேண்டும். முதல் உலகப் போர்க் காலத்து அரசாங்கக் கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்துகொண்டிருந்தன. எழுதப்படாத சாவுகள் எத்தனையோ. பேறுகாலம் என்றால் வீட்டின் இருண்ட மூலை. தீட்டு என்று ஒதுக்கிய கந்தல் துணி. தொப்புள்கொடியை அறுப்பது அரிவாள் அல்லது மூங்கில் சிம்பு. அறுத்த இடத்தில் சாணியோ சாம்பலோ வைப்பார்கள். நம் பக்கத்திலும் இவ்வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் மறுக்கமாட்டார்கள். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் இரண ஜன்னிக் கிருமி அந்தப் பச்சைக் காயத்தின் வழியாக உள்ளே போகும். பிள்ளை முதல் இரண்டு நாள் நன்றாகவே பால் குடிக்கும். பிறகு காம்பைப் பற்ற முடியாமல் அழும். தாடை இறுகும். உடம்பு வில்லாக வளையும். தொட்டாலும், கதவு சாத்தும் சத்தம் கேட்டாலும் இசிவு வரும். ஒரு வாரத்துக்கு முன்பின்னாகச் சாவு. இதைப் பேய் பிடித்ததென்றும், தோஷம் என்றும், பறவை நிழல் பட்டதென்றும் சொல்லித் தாயத்துக் கட்டினார்கள். வயிற்றில் சூடு போட்டவர்களும் உண்டு. வந்தபின் இந்நோயைத் தீர்ப்பது இன்றும் கடினம். அன்று ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கொதிநீரில் போட்டெடுத்த ஒரு கத்தியும், சுத்தமான நூல் துண்டும், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் இருந்தால் இது வராமலே தடுக்கப்படும்.

ஆகவே மருத்துவரின் வேலை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிவதாயில்லை. அருட்சகோதரி மேரி அந்நாட்டுப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் நர்சுகளாகவும் மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றத் தொடங்கியதை அவருடைய பணிகளிலெல்லாம் தலையாயது என்று நாம் கருதுகிறோம். ஒரு டாக்டர் இரவும் பகலும் கண்விழித்தாலும் எத்தனை வீட்டு வாசலுக்குப் போக முடியும்? பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருத்தி ஓர் ஊருக்குத் திரும்பினால், அந்த ஊரில் அறுக்கப்படும் ஒவ்வொரு தொப்புள்கொடிக்கும் அவள் காவல். சிறு மருந்தகமாயிருந்தது நாளடைவில் புனித சூசையப்பர் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கிராமங்களுக்கும் சென்று நோயாளிகளைப் பார்த்தார். சீமை மருந்து கிடைப்பதும் அதற்குப் பணம் கிடைப்பதும் அரிதாயிருந்தமையால், நாட்டு மூலிகைகளின் குணங்களையும் கற்றுப் பயன்படுத்தினார். அவர் கையால் இலட்சக்கணக்கான நோயாளிகள் சிகிச்சை பெற்றனர். பல ஆண்டுகள் அவ்வளவு பேருக்கும் அங்கே அவர் ஒருவரே டாக்டர்.

அன்று டாக்டரின் பெட்டியில் இருந்தவை மிகக் கொஞ்சம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். சல்பா மருந்துகள் 1930-களின் நடுவில்தான் வந்தன; பெனிசிலின் அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து. மார்ச்சளி கண்ட ஆறு மாதப் பிள்ளைக்குச் சூடு குறையாமல் வைத்துக் காத்து, பால் புகட்டி, செபித்து, விடியும்வரை மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதே வைத்தியம். வயிற்றுப்போக்கில் உச்சிக்குழி உள்வாங்கிக் கண் குழி விழுந்த பிள்ளையை மீட்க நரம்பில் உப்புநீர் ஏற்றவேண்டும். அதுவோ பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளிலேயே அபூர்வம். சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தே இத்தகைய பிள்ளைகளைப் பிழைக்க வைக்கலாம் என்பதை, 1971-இல் வங்காளத்து எல்லையில் பான்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனபிஸ் ஊரறியக் காட்டினார். அங்கே வாந்திபேதியில் நூற்றுக்கு முப்பதுபேர் செத்துக்கொண்டிருந்தது நான்குபேருக்கும் கீழே குறைந்தது. அம்மருந்து இன்று நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பொட்டலமாகக் கிடைக்கிறது. சகோதரி மேரிக்கு அது கிடைக்கவில்லை.

கண் மருத்துவம் கற்றிருந்த அவருக்குக் குண்டூர்ப் பக்கத்துச் சிறுவர்களின் கண்கள் பெரிய வேலையாக இருந்திருக்கவேண்டும் என்பதை ஊகிக்கலாம். மணல்வாரி அம்மை அல்லது நீடித்த பேதிக்குப் பிறகு, உயிர்ச்சத்து ஏ குறைந்த பிள்ளைக்கு முதலில் மாலைக்கண் வரும். அந்தியில் தட்டுத் தடுமாறும். பிறகு கண்மணி வறண்டு, சில நாளிலேயே கருவிழி உருகிப் போய்விடும். மீன் எண்ணெய் கொடுத்தால் தடுக்கலாம் என்று அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. நம் கொல்லையில் தழைத்து நிற்கும் முருங்கைக்கும் அந்தக் குணம் உண்டு. முருங்கை மரத்தடியிலேயே பார்வை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பது நெஞ்சை அறுக்கும் செய்தி.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில் அவர் மற்றொரு பெரிய வேலையைத் தொடங்கினார். இந்தியாவெங்கும் கன்னியர்கள் நடத்திய ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே தத்தளித்துக்கொண்டிருந்தன. அருட்சகோதரியர் பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் இந்தியச் சங்கத்தை அவர் நிறுவினார். அதில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பாக உள்ளன. அவற்றில் மிகப் பல, டாக்டர்கள் போகத் தயங்கும் குக்கிராமங்களில் இருப்பவை. இச்சங்கத்தின் வழியாக அவர் ஓயாமல் வற்புறுத்திய கோரிக்கை ஒன்று உண்டு: இந்தியக் கத்தோலிக்கருக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது. வேலூரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இலேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கி நடத்திவந்ததைக் கண்ட நம்மவர்களுக்கு இந்த எண்ணம் முன்னரே தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை, குண்டூர்ச் சகோதரி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது நம் ஊர்ப்பக்கத்துக் கதையையும் எண்ணாமலிருக்க முடியவில்லை. பழுவேட்டரையர் காலத்துப் பெருமையெல்லாம் நமக்கு உண்டு. ஆனால் பிரசவத்தில் சிக்கல் என்றாலும், பிறந்த பிள்ளை நீலம் பாரித்தாலும், மாட்டு வண்டியிலோ வாடகைக் காரிலோ போட்டுக்கொண்டு திருமானூர் வழியாகத் தஞ்சை இராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருந்தது, இல்லையேல் திருச்சிக்கு. வழியிலே முடிந்துபோன பயணங்களை அறிந்தவர்கள் நம்மில் உண்டு. 2008-இல் 108 ஆம்புலன்சு வந்தது. 2022-இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இரண ஜன்னி ஊசி போடும் பணியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும், பிறந்த பிள்ளைகளைக் கொல்லும் அந்த இசிவு நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பதின்மூன்று. இருநூறு எங்கே, பதின்மூன்று எங்கே என்று மகிழலாம். அந்தப் பதின்மூன்றில் பெரும்பங்கு பிறந்த முதல் மாதத்திலேயே போகின்றன என்பதும் உண்மை.

அந்த முதல் மாதத்தைப் பற்றிச் சகோதரி மேரி தம் மருத்துவச்சிகளுக்குக் கற்பித்திருக்கக்கூடியதும், இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். பச்சைப் பிள்ளைக்கு வரும் கடும் நோய் ஆரவாரம் செய்துகொண்டு வராது. நேற்றுவரை இழுத்துப் பால் குடித்த பிள்ளை இன்று குடிக்க மறுத்தால் அதுவே முதல் எச்சரிக்கை. கைகால் சில்லென்றிருத்தல், துவண்டு கிடத்தல், அழுகை மெலிதல், அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து நீர் கசிதல், வெட்டு வலிப்பு ஆகிய எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. மஞ்சள் காமாலை பல பிள்ளைகளுக்கு வந்து தானே மறையும்; ஆனால் பிறந்த அன்றே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்காலில் படர்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அது மூளையைத் தாக்கினால் பிள்ளை உயிர் பிழைத்தாலும் காது கேளாமலும் கைகால் விளங்காமலும் போகலாம். நீல விளக்கொளியில் இரண்டொரு நாள் படுக்கவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இவற்றுக்கு மாந்தம் என்றும் சீர் தட்டியது என்றும் பேர்வைத்து உரைமருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் நம் பங்கில் இல்லாமலில்லை. பிறந்தவுடன் சேனைத்தண்ணீர் நாக்கில் வைக்கிறோம். கடவுள் கொடுத்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறோம். அப்பாயிமார் கோபித்துக்கொள்ளக்கூடாது: அவர்களுடைய அன்பில் நமக்கு ஐயமில்லை, கொட்டுகிற பாலில்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து இருக்கிறது.

எடை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் ஒட்டவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் முறையை இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே கற்றுத் தருகிறார்கள். தாயின் உடற்சூடே பிள்ளைக்கு அடைப்பெட்டி. இதற்குப் பணமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், அடைப்பெட்டிகள் போதாமல் தவித்த டாக்டர்கள் 1970-களின் கடைசியில் கண்ட வழி இது.

சகோதரி மேரியின் கடைசி ஆண்டுகள் நோயோடு கழிந்தன. எத்தனையோ பேரின் வலியைத் தீர்த்தவரைப் புற்றுநோய் பற்றியது. தம் உடம்பில் நடப்பது என்ன என்பதை மருத்துவராகிய அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நெடுநாள் வேதனையைப் பொறுமையாக ஏற்று, 1957-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் பெங்களூரில், தம் 69-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். இந்தியாவில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் முப்பத்தேழு. அவர் கேட்டுக்கொண்டேயிருந்த மருத்துவக் கல்லூரிக்கு அப்போது ஒரு கல்லும் நாட்டப்பட்டிருக்கவில்லை. திருச்சபை 2013-இல் அவரை இறை ஊழியர் என அறிவித்தது.

அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1963-இல், இந்திய ஆயர் பேரவை பெங்களூரில் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரியைத் திறந்தது. மற்ற மாணவ மாணவியரோடு பல்வேறு சபைக் கன்னியர்களும் அங்கே சேர்ந்து மருத்துவம் படித்தார்கள். பிரசவ அறையிலும் குழந்தைகள் வார்டிலும் அவர்கள் நின்று வேலை கற்றுக்கொள்ள உரோமையிலிருந்து தனி அனுமதிக் கடிதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.